வெள்ளிக்கிழமைக் கொட்டகை

“ஆள் உயிரோட கிடக்கேக்கையே கொட்டகைக்குச் சொன்னவன் என்ர வாசல் மிதிக்கக்கூடாது!”

“மச்சாள், அண்ணையின்ர முகத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்.”

“என்னத்துக்கு? செத்தது சரியோ எண்டு பாக்கவோ?”

அப்பாவுக்குப் போர்த்தும் வேட்டியை எடுத்துக்கொண்டிருந்த வினோஜா யன்னலால் எட்டிப் பார்த்தாள். ஏரம்புச் சித்தப்பா படலைக்கு வெளியே நின்றார். அம்மா இரண்டு கையையும் விரித்து மறித்திருந்தாள். உள்ளே பெட்டியில் அப்பா, வீரகத்தி. நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் போனவர். இன்று வெள்ளிக்கிழமை; பின்னேரம் எடுக்கப் போகிறார்கள்.

எல்லாம் செவ்வாய்க்கிழமை தொடங்கியது. ஊர்ச் சனசமூக நிலையத்தின் கொட்டகையையும் கதிரையையும் ஒரே நாளில் இரண்டு வீட்டார் கேட்டுச் சண்டை வருகிறதென்று, செயலாளர் விஜிதரன் போனில் ஒரு பொதுக் கலண்டர் தொடங்கி, லிங்கை வட்ஸ்அப்பில் போட்டிருந்தான். சேர்ந்த ஆட்களுடைய சொந்தக் கலண்டரில், யார் எப்போது எடுக்கிறார்கள் என்பது தானாக வந்து விழும். செவ்வாய் காலை எல்லாப் போனிலும் விழுந்தது: ‘வெள்ளி. வீரகத்தி வீடு. கொட்டகை, கதிரை நூறு...’

அப்போது அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தார். ஊரிலிருந்து இரண்டு பெண்கள் அழுதபடி ஓடிவந்தார்கள்.

“என்ன பிள்ளையள், ஆர் செத்தது?” என்று அப்பாவே கேட்டார்.

அம்மா விஜிதரனுக்குப் போன் எடுத்தாள். “ஏரம்பண்ணைதான் சொன்னவர். என்னத்துக்கெண்டு நான் கேக்கேல்லை” என்றான். சித்தப்பாவைக் கேட்டால், “வெள்ளிக்கிழமை தெரியும்தானே” என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் பார்த்தார்.

அதோடு அம்மாவுக்கு எல்லாமே சந்தேகம். திங்கள் அவர் தனியப் போய் டொக்டரோடு கதைத்தது ஏன்? யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றத் தேவையில்லை என்று சொன்னது ஏன்? அவர் கொண்டுவந்த இளநீரை அம்மா கழுவும் தொட்டியில் ஊற்றினாள். வினோஜா தடுக்கவில்லை. அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

“போன் சொன்னா நம்புறியள், நான் சொன்னா நம்பமாட்டியள்” என்றார் சித்தப்பா படலையில்.

“நீ என்னத்தைச் சொன்னனி? வாயைத் திறந்தனியோ?”

அந்த நேரம் விஜிதரனின் லான்ட்மாஸ்ரர் உழவு வண்டி வந்து நின்றது. கம்பி இறங்கியது, தகரம் இறங்கியது, கதிரை இறங்கியது. பிறகு இரண்டு பெரிய சமையல் கிடாரங்கள்.

பக்கத்து வீட்டு மாமி வாயில் கை வைத்தாள். “அட கோதாரி, செத்த வீட்டில அடுப்பு மூட்டுறதே? கிடாரம் ஆருக்கடா?”

“கலண்டரில கிடந்ததைத்தான் ஏத்தினனான், மாமி.”

வினோஜா போனை எடுத்துக் கலண்டரில் அந்தப் பதிவைத் தொட்டுத் திறந்தாள். மூன்று புள்ளிக்குப் பின்னால் இன்னும் இருந்தது: ‘கிடாரம் இரண்டு, பெரிய அகப்பை, தேங்காய் திருவலை.’ இத்தனை பேர் சேர்ந்திருந்த கலண்டரில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. அவளும்தான்.

படலைக்குப் போனாள். “சித்தப்பா, கிடாரம் என்னத்துக்கு?”

அவர் அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். “அண்ணையை வெள்ளிக்கிழமை வீட்டை விடலாமெண்டு டொக்டர் சொன்னவர். வீட்டை வந்தா முத்தத்தில அம்மாளாச்சிக்குப் பொங்கி, சனத்துக்குச் சோறு குடுக்கிறதெண்டு நேர்ந்தனான். நேர்ந்ததை முன்னமே சொல்லக்கூடாதெல்லே.”

விஜிதரன் கிடாரங்களைச் சத்தமில்லாமல் திரும்ப ஏற்றப் பார்த்தான். ஒன்று தகரத்தில் பட்டுச் சத்தம் போட்டது.

அம்மா திரும்பி உள்ளே போனாள். காலையிலிருந்து அப்பாவின் தலைமாட்டில் இருந்தவள், இப்போது கால்மாட்டில் போய் இருந்தாள். தலைமாட்டில் பாய் வெறுமனே கிடந்தது. சித்தப்பா செருப்பைக் கழற்றினார்.

உங்கள் ஊரிலும் இப்படிப் பொதுக் கலண்டர் இருக்கிறதா? என்ன காரியத்துக்கு என்பதையும் அதில் போடுகிறீர்களா? வாசிக்கிறவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.