பெரிசு என்கிற கட்டளை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. தேனாம்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது செந்தில்குமார் என்பவர் சொன்னது. அவராகச் சொன்னது ஒரே வரிதான்: "எங்க நைனாவை ஒரு வார்த்தை வூட்டை வுட்டுத் தொரத்திச்சு சார்." மிச்சத்தை நான் துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன். முடிவைக் கேட்கப் போகும்போது அவருடைய பஸ் வந்துவிட்டது.

முதல் ஆரம்பம்: 1999-இல், ராயப்பேட்டையில் ஒரு வீட்டில், ஒரு கம்ப்யூட்டர்... [அடித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் தொடங்கினால் பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.]

இரண்டாவது: முருகையனின் குரல் தெருமுனை வரை கேட்கும். [நிஜம்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் டிக்கெட் கேட்கிற குரல்தான். ஆனால் வருத்தப்படுகிறவர் அவருடைய மகன் செந்தில். கதை அவர் பக்கம்தான் நிற்க வேண்டும்.]

2

செந்திலின் வேலை, அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிப்பது. வேலையை ஒரு கம்பெனி தரும்; அடிப்பது வீட்டில். அதே கம்ப்யூட்டரில்தான் அப்பாவுக்குப் பாட்டும் ஓடும். டாக்டர் யாருடைய இருதயத்தைப் பற்றியோ முணுமுணுக்கும்போது பாட்டு குறுக்கே விழும். ஸ்பீக்கரைக் குறைத்தால் டாக்டரும் சேர்ந்து அடங்கிவிடுவார்.

அடையாறில் வேலை பார்த்த நண்பன் பீர் முஹம்மது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தின் சிடியைக் கொடுத்து வழி சொன்னான். ஒவ்வொரு புரோகிராமின் சத்தத்தையும் தனித்தனியாகக் கட்டளை தட்டிக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி ஓடவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். செந்தில் இரண்டு கோப்புகள் எழுதினார். டாக்டர் பேசத் தொடங்கினால் பாட்டை மட்டும் குறைப்பது ஒன்று. அவர் நிறுத்தியதும் பாட்டைக் கூட்டுவது மற்றொன்று. பெயருக்கு அலையவில்லை. "பாட்டை சின்னதா வை", "பெரிசா வை கண்ணு" என்று அப்பா ஓயாமல் சொல்வாரே, அதிலிருந்தே எடுத்துக்கொண்டார்: சின்னது, பெரிசு.*

* பாசத்தில் வைத்த பெயர். நம்மூரில் வயசானவரையும் பெரிசு என்றுதான் சொல்வோம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

3

பெரிசு ஒருநாள் மக்கர் செய்தது. டாக்டர் பேசும்போதும் பாட்டை ஏற்றிக்கொண்டே போனது. ஒரு மருந்தின் அளவு செந்தில் காதில் தப்பாக விழுந்து, கம்பெனிக்குக் கூப்பிட்டுச் செமையாகத் திட்டினார்கள். வீட்டுக்கு வந்த கையோடு பெரிசை நிறுத்தினார். ஓடுகிற புரோகிராமை நிறுத்துவதற்கு கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் கொல்வது என்று பெயர். எரிச்சல் தீராமல் பீருக்குப் போன் போட்டார்.

"மச்சி, பெரிசு இம்சை தாங்கல. சொன்னா அடங்கறதில்ல, சும்மா கத்திக்கினே கீது. கொன்னுட்டேன். இப்பத்தான் வூடு நிம்மதியா கீது."

கதவுக்கு வெளியே முருகையன், லாரியில் பிடித்த தண்ணீர்க் குடத்தோடு நின்றார். [குடம் கைநழுவி உருண்டது என்று எழுதியிருந்தேன். பொய். அலுங்காமல் இறக்கிவைத்தார்.]

மறுநாள் பையோடு கிளம்பினார். பெருங்குடியில் கட்டிக்கொடுத்த மகள் மணிமொழி ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள் என்றார். செந்தில் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சரி நைனா என்றார். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. [இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வரி இல்லாவிட்டால் இது காதில் தப்பாக விழுந்த ஒரு வார்த்தையின் கதை. நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.]

4

தீபாவளிக்குப் பெருங்குடி போனபோது மணிமொழி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "பெரிசைக் கொன்னுட்டேன்னு போன்ல சொன்னியாமே?"

செந்தில் முதலில் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. நைனா இங்கே எதையும் குசுகுசுவென்றுதான் கேட்கிறார், டிவியைக்கூட சத்தமில்லாமல் வைத்துப் பார்க்கிறார் என்றாள். வந்ததிலிருந்து அப்பாவின் குரலே காதில் விழவில்லை என்பது அப்போதுதான் செந்திலுக்குத் தெரிந்தது.

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கோப்பு, கட்டளை, டாக்டர், பெயர் வந்த விதம். முருகையன் பொறுமையாகக் கேட்டார்.

"சரி கண்ணு. மிசினைத்தான் சொன்னே." அதே தணிந்த குரலில் கேட்டார்: "வூடு நிம்மதியா கீதுன்னியே. அதுவும் மிசினா?"



5

முடிவு ஒன்று: அதுவும் மிசின்தான் நைனா என்று சொல்லி, கையோடு ராயப்பேட்டைக்கு அழைத்துவருகிறார். [அப்பா வருவார். குரல் வருமா?]

முடிவு இரண்டு: இல்ல நைனா, அது நான்தான் என்று உண்மையைச் சொல்கிறார். முருகையன் மகனைப் பார்த்து... [இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியமில்லை.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இப்போது ராயப்பேட்டை வீட்டில் டாக்டர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. குறுக்கே எதுவும் விழுவதில்லை. அப்படியும் செந்திலுக்கு வேலை ஓடவில்லை. பஸ்ஸில் தொற்றிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார்: பெரிசைப் பிழைதிருத்தித் திரும்ப எழுதிவிட்டாராம், பெயர்தான் அமையவில்லையாம்.

நீங்கள் ஒரு பெயர் வையுங்கள். வைத்ததும் அந்தப் பெயரைச் சொல்லி, "கொன்னுட்டேன், இப்பத்தான் வூடு நிம்மதியா கீது" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் குடத்தை அலுங்காமல் இறக்கிவைக்கிறார்.