தூங்க வைக்கிற வில்லன்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள மாசாய் நகரில் எடுக்கும் சூப்பர் ஹீரோ தொடருக்கு ரூபினி எழுதிய வில்லன் யார் மனதிலும் நிற்கவில்லை. இன்றும் சரிவராவிட்டால் வேறு ஆளை எழுதச் சொல்வதாக இயக்குநர் டாரில் சொல்லியிருந்தார்.

"புது வில்லன் என்ன பண்றான்?"

"விடியுறதுக்குள்ள மோட்டார் சைக்கிள்ல சிங்கப்பூர் வேலைக்குப் போறவங்களையெல்லாம் பாலத்துலயே தூங்க வச்சிடுறான், அண்ணே. மூடுபனிக்குள்ள வண்டிங்க அப்படியே நிக்குது. எல்லாரும் கனவுல அவங்கவங்க பிள்ளைக்குத் தலை வாரி விட்டுக்கிட்டு இருக்காங்க."

"ஹீரோ?"

"ஒவ்வொருத்தரா எழுப்புறான்."

டாரில் கண்களை மூடிக்கொண்டார். அவர் மனைவியும் தினமும் அந்தப் பாலத்தைத்தான் கடக்கிறாள். மூடுபனி அறைக்குள்ளும் மெல்ல இறங்குவதுபோல் இருந்தது.

"அலமாக்! எழுப்பாதடான்னு ஹீரோவைத் திட்டணும் போல இருக்கு," என்றார். "இவன நீயே எழுது லா."