பன்னிரண்டு மணி நேரக் கரு

இரண்டு வருடமாக இந்த ஆய்வகத்தில் எனக்குக் கைராசி இல்லை என்று பேர். அது முழுக்க அண்ணனிடம் போய்விட்டதாம். அவரைக் கூப்பிடுவதே கைராசி அண்ணன் என்றுதான். எனக்கு முன்னால் இங்கே முனைவர் பட்டம் வாங்கியவர். இப்போது கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை.

மீன் கருவில் ஒரு மரபணு, பன்னிரண்டு மணி நேரம் ஆனதும் விழித்துக்கொள்ளும். சாயம் போட்டால் ஊதாவாகத் தெரியும். அதை எழுப்பிவிடும் டி.என்.ஏ. துண்டு எது என்று அண்ணன் கண்டுபிடித்தார். துண்டை வெட்டினால் ஊதா வராது என்று படத்தோடு கட்டுரையும் போட்டார். என் ஆய்வேடு அதன்மேல்தான் நிற்கிறது. நானும் வெட்டினேன். பதினான்கு முறை வெட்டினேன். பதினான்கு முறையும் ஊதா வந்து தொலைத்தது.

"நீ வெட்டவே இல்ல போல," என்று ஆய்வகத் தலைவர் மேடம் என்னைக் கருவைத் தொடவிடாமல் மீன் தொட்டி கழுவ அனுப்பினார். வீட்டிலோ, "உப்பு போட்டேனான்னு என்னை ஏன்டி கேக்குற? நீதானே போட்ட!" என்று அம்மா திட்டினாள். என் கையை நானே நம்பாமல் போயிருந்தேன்.

இன்று காலை அண்ணனின் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகெலும்பாகப் போகிற குட்டிக் கட்டிகள் கரு வளர வளரக் கூடும்; எண்ணினால் அதன் வயது தெரிந்துவிடும். வெட்டாத கருவில் ஆறு. வெட்டிய கருவில் இரண்டே இரண்டு. இரண்டு படத்தின் கீழும் எழுதியிருந்தது பன்னிரண்டு மணி நேரம்.

அண்ணனை மேடம் அறைக்கே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்த கணினித் திரையில் இரண்டு படத்தையும் போட்டேன்.

"வெட்டின கரு இருந்த தட்ட எங்கண்ணே வச்சிருந்தீங்க?"

"குளிர் அலமாரிலதான். ரெண்டு தட்டும் ஒண்ணா வளந்து நின்னா ஒத்த ஆளு எப்படிம்மா சமாளிப்பேன்? ஒண்ணக் குளிர்ல வச்சு மெதுவா வளர விடுறது எல்லாரும் பண்றதுதானே?"

"எல்லாரும் பண்ணிட்டு, அப்புறம் கட்டிய எண்ணுவாங்க. நீங்க கடிகாரத்தப் பாத்து எழுதிட்டீங்க. அந்த மரபணு முழிக்கிற வயசே அதுக்கு இன்னும் வரலண்ணே!"

மேடம் பேனா முனையால் திரையில் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, உன் ஆய்வேட்டுல ஒரு ஓரமா எழுதிக்கோ," என்றார் மேடம். "வந்த கட்டுரையக் கிளற வேணாம். நாளைலேர்ந்து நீ கரு வேலைக்கே வந்துடு."

"கட்டுரையத் திரும்ப வாங்குங்க மேடம். இல்லன்னா அதப் போட்ட பத்திரிகைக்கு நானே எழுதுவேன்."

"அவன் வேலை போயிடும்மா."

"என் கை போச்சே, அப்ப யாராவது பதறினீங்களா?"

என் மேசைக்கு வந்து, இரண்டு படத்திலும் ஒவ்வொரு கட்டிக்கும் எண் போட்டு, கடிதத்தோடு பத்திரிகைக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"உப்பு போட்டாச்சும்மா!" என்று கத்தினேன்.