வொல்லமை வேலிக்குள் ஒரு முயல்

…நான் மூன்று தடவை பூட்ஸைக் கழுவினேன், மருந்துத் தண்ணீரில், பிரஷ் போட்டுத் தேய்த்து. வெளிமண் ஒரு துளி ஒட்டியிருந்தால்கூட வேரழுகல் வந்துவிடுமாம், வொல்லமைப் பைன் அப்படிப்பட்ட மகாராணி, டைனோசர் காலத்து வம்சம், காட்டில் பெரிய மரமாக நூறுகூடத் தேறாது, கன்று நட்ட இடத்தைப் புருஷனிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்… சரி, இந்த முயல் எந்த மருந்தில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தது? ஏழு கன்றுகளில் மூன்றின் பட்டையைச் சுற்றிலும் கொறித்துக் கொன்றுவிட்டு, வேலிக்குள் நடுநாயகமாக உட்கார்ந்து மீசையை ஆட்டுகிறது. மீதி நான்கும் பிழைத்தால்தான் மேலிடத்தில் அடுத்த கன்றுகள் தருவார்கள், மூன்றானால் இந்தப் பள்ளத்தாக்கையே கைகழுவிவிடுவார்கள், என் ஆறு வருஷமும் போச்சு. வேலிக் கம்பிவலையில் ஓட்டையே இல்லை, ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கம் மடித்துப் புதைத்தது நான்தான்… பாறையடியில் அதோ ஒரு வளை, பழைய வளை, வேலி போடும்போதே இது உள்ளேதான் இருந்திருக்கிறது. ஐயோ. அன்றைக்கே கூட வேலி கட்டிய டெஸ் கேட்டானே, "நோலீன், மூடுறதுக்கு முன்னாடி உள்ள வளை ஏதும் இருக்கான்னு ஒருதடவ பாத்துரலாமா?" "மழை வருது டெஸ், தொணதொணக்காம கம்பியப் பிடி." நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன், இப்போது நான்கு காலோடு எதிரே உட்கார்ந்திருக்கிறது. முயலை உள்ளே விட்டு வேலி கட்டிய ரேஞ்சர், வெளியே தெரிந்தால் ஓய்வு பெறும்வரை சிரிப்பார்கள்.

மண்வெட்டியால் ஒரு போடு போட்டால் முடிந்தது, இந்த நாட்டில் கோடிக்கணக்கில் கிடக்கிறது, ஒன்று குறைந்தால் யார் அழப்போகிறார்கள்? செய்யத்தான் வேண்டும், சம்பளமே அதற்குத்தான்… ஆனால் இந்த மரங்கள் ஆறு வருஷத்தில் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்ததுண்டா, வருஷத்துக்கு ஒரு சாண் வளரும், அதையும் சலித்துக்கொண்டே வளரும், இதுவோ என்னையே பார்க்கிறது. எனக்கு என்மேலேயே எரிச்சல். படலைத் திறந்துவிட்டேன், போ சனியனே, போய்த் தொலை. போகவில்லை. ஏன் போகும்? வெளியே நரி, உள்ளே நரி வர முடியாது. இந்த மலையிலேயே முயலுக்குப் பத்திரமான இடத்தை எட்டு மாதத்துக்கு முன்னால் நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வாக்கிடாக்கி கரகரத்தது. டெஸ். "என்ன நோலீன், சத்தத்தையே காணோம்? நம்ம கன்னுப் புள்ளைங்க நல்லாருக்கா?"

"பத்திரமா இருக்கு" என்றேன், மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல்.