ஜோடி விடுப்பு

விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்தில் நீராவி கூரையைத் தொட்டிருந்தது. ஈரத் துணி ஒரு மூட்டை ஓர் ஆள் கனம். அதை இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட்டு, சூடான உருளைகளுக்குள் செலுத்தி, மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வெளிவரும் ஆஸ்பத்திரி விரிப்புகளை இருவர் இருவராக நின்று மடிக்க வேண்டும். விரல் ரேகை தேய்ந்துபோன இருபத்து நான்கு பெண்கள், பன்னிரண்டு ஜோடி.

நெட்டைக்கு எதிரே குட்டையக்கா.

"கொஞ்சம் பூமிக்கு இறங்கி வாடி. நீ வானத்துல பிடிச்சா நான் எப்படி எட்டுறது?"

இதற்கு எப்போதும் சிரிக்கும் நெட்டை இன்று சிரிக்கவில்லை. மாதவிலக்கு தொடங்கி இன்று பத்தாவது நாள்; பரிசோதனைக்குக் கடைசி நாள்.

எல்லாம் தொடங்கியது, கல்யாணமான புதிதில் கணவனிடமிருந்து தொற்றிய ஒரு நோயில். லாரி ஓட்டுகிறவன், போன இடத்தில் வாங்கி வந்தது. குழந்தை மாதிரி அழுதான். இருவரும் சேர்ந்தே மாத்திரை சாப்பிட்டார்கள்; குணமானது. ஆனால் நான்கு வருடமாக வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

"நோய் போயிடுச்சும்மா. போறப்ப கருக்குழாயில தழும்பு விட்டுட்டுப் போயிருக்கலாம். வலியே இல்லாம அடைச்சிருக்கும்," என்றார் டாக்டரம்மா. கருப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு தொடங்கிப் பத்து நாளுக்குள்தான் எடுப்பார்கள்.

இரண்டு மாதம் தவறவிட்டாள். காரணம், சுவரில் ஒட்டியிருந்த புது விதி: ஒருத்தி விடுப்பு எடுத்தால் அவள் ஜோடிக்கும் அன்று சம்பளம் கிடையாது. குட்டையக்காவுக்கு மூன்று பிள்ளைகள். எந்த வாயால் கேட்பது?

ஏழு மணிக்கு முதலாளி வந்ததும் போய் நின்றாள்.

"ஒம்பது மணிக்கு ஆஸ்பத்திரி போகணும் சார்."

"உடம்புக்கு என்ன?"

"பொம்பளைங்க விஷயம் சார்."

"கையில டாக்டர் சீட்டு இருக்குல்ல? கொடு."

வாங்கினார், உரக்க வாசித்தார். "முன்பு பால்வினைத் தொற்று..." உருளைகளின் இரைச்சலை மீறி அது எல்லோர் காதிலும் விழுந்தது.

"இந்த நோயோடதான் ஆஸ்பத்திரித் துணியைத் தொடுறியா? வெளிய தெரிஞ்சா என் ஒப்பந்தமே போச்சு. போறதுன்னா போ. திரும்பி வராதே."

"அது எப்பவோ சரியாயிடுச்சு சார்... துணியில ஒட்டாது..." சீட்டை வாங்கிக்கொண்டு மடிக்கும் மேடைக்குத் திரும்பி, விரிப்பின் நுனியை எடுத்தாள்.

எதிர் நுனி எழவில்லை. குட்டையக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ரெண்டு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தது இதுக்குத்தானா? என் சம்பளம் போயிடும்னா?"

"ஆமாக்கா."

"பைத்தியக்காரி!" முதலாளி பக்கம் திரும்பினாள். "ஊர்ல உள்ள சீழும் ரத்தமும் இங்கதான் வருது சார். கிழிஞ்ச கையுறையோட அலசுறோம். எங்களுக்கு என்ன ஒட்டும்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

"உன் வேலையைப் பாரு."

"ஜோடி போனா எனக்கும் சம்பளம் இல்லைன்னு எழுதி ஒட்டினது நீங்கதானே? சம்பளம் இல்லாத நாள்ல எனக்கு இங்க என்ன வேலை? நானும் போறேன்."

கடைசி மேடையில் ஒருத்தி விரிப்பைக் கீழே வைத்தாள். "எனக்கும் ஒரு வருஷமா அடிவயிறு வலிக்குது. சொன்னா இப்படித்தான் வாசிப்பாருன்னு வாயைத் திறக்கல."

அடுத்த ஜோடியும் வைத்தது. அதற்கடுத்ததும். யாரோ உருளையை நிறுத்தினார்கள்.

"எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும்! ஒருத்தி விடாம வேலையை விட்டு அனுப்பிடுவேன்!"

"முதல்ல அந்த விதியைக் கிழிங்க. இவ திரும்பி வந்து இதே இடத்துல நிப்பான்னு சொல்லுங்க. அப்புறம் துணியை வண்டியில ஏத்துறோம்," என்றாள் கடைசி மேடைக்காரி.

முதலாளி யாருக்கோ போன் போட்டார். காவல்காரர் கதவருகே வந்து நின்றார்.

நெட்டையும் குட்டையக்காவும் அவரைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கணவன் காத்திருப்பான்.

"அடைச்சிருந்தா என்னக்கா பண்றது?"

"அடுத்து என்ன வழின்னு டாக்டரம்மாகிட்ட சேர்ந்தே கேட்போம். மெதுவா நடடி, உன் காலுக்கு என் கால் ஈடு கொடுக்குமா?"

தெருமுனையில் நெட்டை திரும்பிப் பார்த்தாள். புகைபோக்கியில் ஆவி அடங்கியிருந்தது. கூடத்து வாசலில், வண்டி வரும் வழியை மறித்து, இருபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.