பொட்டு வைத்த பந்துவீச்சாளன்

இருபத்துமூன்று பேரின் கையெழுத்து கமலாம்பிகையிடம் இருந்தது. இருபத்துநாலாவது ஆள் மட்டும் போடமாட்டேன் என்று நின்றான். ரொறொன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸில் மொத்தமே இருபத்துநாலு பேர்தான் என்பதால் இந்த ஒருவன் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பேர் சுவாசோ. பந்து எறிகிறவன், டொமினிக்கன் நாட்டுக்காரன், வயது இருபத்தாறு. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் மைதானத்தின் பின்வாசலால் வரும்போது, கம்பிவேலியோரம் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டையும் பேனையுமாக நிற்கிற சனத்திடம் வந்து, யாருக்கு என்று பேர் கேட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சுவாசோ தலையைக் குனிந்தால் குனிந்ததுதான். கார்க் கதவு சாத்துகிற சத்தம்தான் பிறகு கேட்கும். வேலியோரத்துச் சனம் அவனுக்குத் திமிர் என்றது. கமலாம்பிகை அதை நம்பவில்லை. ஒருநாள் ஒரு சின்னப் பெட்டையின் தொப்பி காற்றில் பறந்து அவன் காலடியில் விழ, அவன் குனிந்து எடுத்து, தூசி தட்டி, வேலிக்கு மேலால் கைநீட்டி அவள் தலையிலேயே வைத்துவிட்டதைத் தன் கண்ணால் பார்த்தவள் அவள். திமிர் பிடித்தவன் தூசி தட்டுவானா? அப்ப ஏன் கையெழுத்துப் போடுகிறான் இல்லை? இந்த 'ஏன்' அவளைச் சமைக்கவிடவில்லை, நித்திரை கொள்ளவிடவில்லை.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையையும் சொல்லவேண்டும். எண்பத்துநாலில் ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில், புருஷன் இரத்தினவேல் ஒருநாள் வேலையால் வரும்போது பிஸ்கற் என்று நினைத்து ஒரு பைக்கற் வாங்கிவந்தான். உடைத்தால் உள்ளே ஒரு சுயிங்கமும் பதினைந்து அட்டைகளும். சுயிங்கத்துக்கு அட்டை இனாமா, அட்டைக்குச் சுயிங்கம் இனாமா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. சுயிங்கம் வாயில் வைக்க முடியாமல் இருந்தது. அட்டையில் ஒவ்வொரு பொடியனாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்: பிறந்த தேதி, பிறந்த ஊர், உயரம், நிறை, கீழே கட்டம் கட்டமாக எண்கள். அட, இது கலியாணப் புரோக்கர் கொண்டுவருகிற குறிப்பல்லவா என்று அவளுக்குப் பட்டது. அன்று பிடித்தது. எந்த எண் கூடினால் நல்ல காலம், எது குறைந்தால் கெட்ட காலம் என்று தொலைக்காட்சியைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கண்டுபிடித்தாள். ஒரு கோடைக்குள், இரத்தினவேலுக்கு ஆட்டத்தை விளக்கிச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அவன் விளங்கினமாதிரித் தலையாட்டுவான், பாவம்.

கையெழுத்து வாங்கத் தொடங்கியதற்கு வேறு காரணம். மோர்னிங்சைட்டில் அவள் வேலைசெய்த பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்குப் பேர் 'கமி'. மேற்பார்வையாளன் முதல்நாளே வெட்டிச் சுருக்கிவிட்டான். இந்த நாட்டில் அவளுடைய முழுப்பேரைக் கேட்டவர்கள் இரண்டே வகைதான்: குடிவரவு அதிகாரிகள், இந்தப் பந்தடிகாரர்கள். அதிகாரிகள் கேட்டுவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். இவர்கள் கேட்டுவிட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதித் தருவார்கள். பஸ், சப்வே, ஸ்ற்றீற்கார் என்று மூன்று மாறி, புட்டுப் பார்சலுடன் ஏரிக்கரை மைதானத்துக்குப் போய்க் கால்கடுக்க நிற்பதற்கு அது போதாதா?

வீட்டில் இதற்கு எதிர்க்கட்சி பேபி மச்சாள். பேபி என்றால் குழந்தை என்று நினைத்துவிடக் கூடாது. இரத்தினவேலின் மூத்த தமக்கை, ஐம்பத்திரண்டு வயது, அவள் தும்மினால் வீட்டில் மற்றவர்கள் கதைப்பதை நிறுத்துவார்கள். அவர்களோடுதான் இருந்தாள். தையல் மெஷினும், ஊரிலிருந்து தபாலில் வருகிற பஞ்சாங்கமும் அவளுடைய இரண்டு கைகள். கலியாணமான பொம்பிளை கண்ட கண்ட ஆம்பிளைகளின் படத்தைச் சேர்க்கிறது எந்த ஊர் வழக்கம் என்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். பதிலுக்கு நிற்கமாட்டாள்.

எண்பத்தேழாம் ஆண்டு செப்ரெம்பர் கடைசியில் புளூ ஜேய்ஸுக்கு என்ன பிடித்ததோ தெரியாது. முதலிடத்தில் நின்ற அணி தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றது. இனி மூன்றே மூன்று ஆட்டம், அதுவும் இரண்டாமிடத்தில் நின்ற டிற்றோயிற்றோடு, அவர்களுடைய ஊரில். அதற்கிடையில் சுவாசோவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, இந்த ஆண்டு இனி ஆடமாட்டான், அடுத்த ஆண்டு அணியில் இருப்பானோ தெரியாது என்று பத்திரிகையில் வந்தது. கமலாம்பிகைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவனின் கையெழுத்துக்காக இருபத்துமூன்றும் குறையாகிப்போகுமே என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, அந்த 'ஏன்' விடை தெரியாமலே போய்விடுமே என்பது.

ஒக்ரோபர் முதலாம் தேதி வியாழக்கிழமை சரஸ்வதி பூசை. மச்சாள் அலுமாரித் தட்டில் வெள்ளைச் சீலை விரித்து, படத்துக்கு மாலை போட்டு, தன் கத்தரிக்கோலையும் இரத்தினவேலின் இங்கிலிஷ் வகுப்புக் கொப்பியையும் வைத்தாள். கமலாம்பிகை தன் அட்டை அல்பத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதன்மேல் கையெழுத்து விழாத சுவாசோவின் அட்டை. பந்தடிகாரரைப் போய்ச் சரஸ்வதிக்கு முன்னால் வைப்பதா என்று மச்சாள் கண்ணை உருட்டினாள். பின்பக்கம் முழுக்க எண்கள், எண்ணும் கல்விதானே என்று கமலாம்பிகை வாதாடினாள். அணி வெல்லவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மச்சாள் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். அட்டைக்கும் வைத்தாள். அது சரியாகச் சுவாசோவின் நெற்றியில் விழுந்தது. நல்ல சைவப் பொடியன் மாதிரித்தான் இருந்தான்.

வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று பூசை செய்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. புத்தகம் அம்பாளின் கையில் இருக்கிறது என்பது கணக்கு. இது கமலாம்பிகைக்கும் தெரிந்த சட்டம்தான். சின்ன வயதில் பரீட்சைக் காலத்திலும் மீறாத சட்டம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பால் வாங்கப் போனவள், கிங்ஸ்ரன் ரோட்டில் அட்டைகள் விற்கிற கடைக் கண்ணாடியில் ஒரு காகிதத்தைக் கண்டாள். இன்று பத்து மணியிலிருந்து பதினொரு மணிவரை சுவாசோ இங்கே. பாலை வாங்கினாளா மறந்தாளா என்று தெரியாமல் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

மச்சாளிடம், பூசையை இப்பவே முடிச்சு எடுப்பமே என்று கேட்டுப் பார்த்தாள். மச்சாள் குளியலறைக்குத் துவாயோடு போய்க்கொண்டிருந்தாள். பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம், அதற்குமுன் பொங்கல் பொங்கி முடியாது, மத்தியானத்துக்குப் பிறகுதான் என்றாள். காரணம் சொன்னால் என்ன நடக்கும் என்று கமலாம்பிகைக்குத் தெரியும். குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவள் தட்டுக்கு முன்னால் நின்றாள். அணி வெல்வதற்காக வைத்தது; எடுத்தால் என்ன ஆகுமோ. தாயே, ஒன்றே ஒன்று, மற்ற இருபத்துமூன்றையும் நீயே வைத்திரு என்று வாய்க்குள் சொல்லி, பொட்டோடு சுவாசோவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கடையில் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் சுவாசோ. வலது கை முழங்கைவரை மாக்கட்டு. பக்கத்தில் நின்ற கடைக்காரர் ஒவ்வொருவரின் அட்டையையும் வாங்கி, சுவாசோவின் பேர் வெட்டிய இறப்பர் முத்திரையை டக்கென்று குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். சனம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது. சுவாசோ யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கமலாம்பிகை ஒன்றைக் கவனித்தாள். முத்திரை விழ விழ அவன் முகத்தில் ஒரு நிம்மதி. கை முறிந்தவனுக்கு என்ன நிம்மதி?

அவளுடைய முறை வந்தது. அட்டையைக் கண்டதும் அவன் நிமிர்ந்தான். தன் படத்தின் நெற்றியை விரலால் தொட்டான். இது என்ன என்று கேட்டான். அவனுடைய இங்கிலிஷ் அவளுடையதைவிட மோசமாக இருந்ததால் அவளுக்குத் துணிவு வந்தது. எழுத்துக்கென்று எங்களிடம் ஒரு கடவுள் இருக்கிறாள், பொம்பிளை, நேற்று உன்னை அவளுக்கு முன்னால் வைத்தோம் என்றாள். எழுத்துக்கென்றே ஒரு ஆளா என்று அவன் திரும்பக் கேட்டான். ஓமென்றாள். முதல்முறையாகச் சிரித்தான். கடைக்காரர் முத்திரையை ஓங்கினார். கமலாம்பிகை அட்டையின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

முத்திரை வேண்டாம், மற்றக் கை இருக்கிறதே என்றாள். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். நீ ஏன் ஒருநாளும் போடுவதில்லை, மூன்று வருஷமாக வேலியில் நிற்கிறேன் என்று கேட்டேவிட்டாள். பின்னால் நின்ற யாரோ இருமினார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எழுத எனக்கு நிறைய நேரம் எடுக்கும். நல்ல கையாலும் அப்படித்தான். இரண்டு வருஷம்தான் பள்ளிக்கூடம். ஒருநாள் வேலியில் நின்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்."

மூன்று வருஷமாக அரித்த 'ஏன்' இதுதான். கமலாம்பிகைக்கு, இவ்வளவுதானா, இதற்கா இந்தப் பிள்ளை தலையைக் குனிந்து திரிந்தது என்று கோபம் வந்தது, யாரில் என்று தெரியாத கோபம். ஊரில் இன்றைக்கு ஒவ்வொரு கோயிலிலும் மூன்று நாலு வயதுப் பிள்ளைகளை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்து எழுதுவிப்பார்கள். அழுகிற பிள்ளையும் எழுதும். சிரிக்க ஒருவரும் இல்லை.

அவள் மேசையைச் சுற்றி அவன் பக்கம் போனாள். இன்றைக்கு எங்கள் ஆட்களில் பெரியவர்களும் புதிதாக எழுதுகிற நாள் என்றாள். அது பொய். பெரியவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அம்பாள் மன்னிக்கட்டும். அவனுடைய இடது கையில் பேனையை வைத்து, அந்தப் பெரிய கையைத் தன் கையால் பற்றினாள். அட்டையில் அச்சடித்த பேரைப் பார்த்து மெல்ல இழுத்தாள். முதலாவது எழுத்து நெளிந்தது. இரண்டாவதில் அவன் கை இறுகி நின்றது. அவள் விடவில்லை. மூன்றாவதில் அவன் கை தானாக நகரத் தொடங்கியதை உணர்ந்து பிடியைத் தளர்த்தினாள். கடைசி எழுத்தை அவன் தனியாகவே எழுதினான். கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

யாருக்கு என்று அவன் கேட்டான். அவள் சொன்னாள். "கமலாம்பிகை," என்று அவன் ஒரு எழுத்தும் விடாமல் திருப்பிச் சொன்னான். பிறகு முத்திரையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த ஆளின் அட்டைக்கு இடது கையை நீட்டினான். அவள் வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, ஒரு எழுத்துக்கு ஒரு நிமிஷமாக எழுதிக்கொண்டிருந்தான்.

வீட்டில் மச்சாள் கதவடியிலேயே நின்றாள். பூசை இன்னும் தொடங்கவில்லை, அல்பத்தின்மேல் அட்டை இல்லாததை அவள் கண்டுவிட்டாள். எங்கே என்று ஒரு சொல்தான் கேட்டாள். கையெழுத்து வாங்க என்று கமலாம்பிகை உண்மையைச் சொன்னாள். மச்சாள் திரும்பிப் போனவள் பிறகு அவளோடு கதைக்கவில்லை.

அன்று அணி ஒரு ஓட்டத்தால் தோற்றது. சனிக்கிழமையும் ஒரு ஓட்டத்தால் தோற்றது. ஞாயிறு பின்னேரம் கடைசி ஆட்டம். ஒருநாளும் பார்க்காத மச்சாள் தையலை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் வந்து இருந்தாள். அதுவும் ஒன்றுக்குப் பூச்சியம். எல்லாம் முடிந்தது. முதலிடம் போனது. இரத்தினவேல் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டான், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்க அவனுக்கு விசரா?

மச்சாள் மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள்.

"சாமியிட்டை வைச்சதை இடையிலை எடுத்தால் உப்பிடித்தான். ஒரு ஊரே தோத்துப்போச்சு, உம்மாலை."

கமலாம்பிகையும் அப்படித்தான் நம்பினாள். தொலைக்காட்சியில் அவளுடைய பொடியன்கள் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். இருபத்துமூன்று பேருடைய பேரும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொருவனும் அவளுடைய பேரைக் கேட்டவன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"ஓம் மச்சாள், என்னாலைதான். ஆனா இவையள் வாற வருசம் வெல்லுவினம். அவன் அண்டைக்கு எழுதாட்டி இனி எழுதியிருக்கமாட்டான். அவனுக்கு எழுத்து வராது மச்சாள். நான்தான் கையைப் பிடிச்சு எழுதுவிச்சனான், விஜயதசமியண்டு."

மச்சாள் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். பிறகு கையை நீட்டினாள். கமலாம்பிகை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மச்சாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்து, கோணல்மாணலாகக் கிடந்த அந்தப் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"முதலெழுத்துத்தானே," என்றாள். "வடிவா எழுதியிருக்கிறான்."