பதினைந்து நிமிட இலைகள்

சுற்றுப் பலகை தன் வாசலைத் தாண்டிப் போவதை இசோகோ சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். தெருச் சங்கத்தின் அறிவிப்பு எதுவானாலும் அந்தப் பலகையில் கவ்வித்தான் வரும். படித்து, முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். இடப்பக்கத்து வீட்டு ஹத்தா அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இந்த வீட்டை ஏறெடுத்தும் பாராமல், வலப்பக்கத்துச் சங்கச் செயலாளர் குராமோச்சியின் வீட்டுக்கு நடந்தாள்.

இசோகோ செருப்பை மாட்டிக்கொண்டு போய் மறித்தாள். ஹத்தாவின் முகம் வெளிறிவிட்டது.

"இலை பாக்கப் போற விஷயம்க்கா. துக்க வீட்டுக்கு வேண்டாம்னு அவருதான்..."

இசோகோ வாங்கிப் படித்தாள். நவம்பர் மூன்று, விடுமுறை நாள். ஓகுநுமா மலைக்குளம். பத்து நாற்பதிலிருந்து பத்து ஐம்பத்தைந்து வரை இலையுதிர்காலத்தில் சிவந்த இலை பார்த்தல். பிறகு சோபா நூடுல்ஸ் சாப்பாடு ஒன்றரை மணி நேரம், வெந்நீர் ஊற்று இரண்டு மணி நேரம், ஊறுகாய்க் கடை ஐம்பது நிமிடம். இருபத்து மூன்று வீடுகளும் முத்திரை குத்தியிருந்தன. தோகுரா என்ற அவள் வீட்டுக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் மெல்லிய கோடு.

"மூணாம் தேதி மலை மேல ஒரு இலையாவது இருக்குமா?"

"எனக்குத் தெரியாதாக்கா? அவரு அச்சடிச்சுட்டாரே. எல்லாரும் குத்தியிருந்தாங்க, நானும் குத்திட்டேன்."

இந்த மலைநாட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், நிறம் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கும் என்று. ஊரில் மரம் சிவக்கும்போது குளத்தங்கரையில் உறைபனி விழுந்துகொண்டிருக்கும். ஆனால் மாவட்ட அலுவலகத்தில் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற குராமோச்சியிடம் அதைச் சொல்ல இருபத்து மூன்று வீட்டில் ஒரு நாக்கு இல்லை. தலையாட்டுவதற்கென்றே கழுத்து வளர்த்த ஜனங்கள்.

அவள் கணவன் மொரியோ பத்தொன்பது வருஷம் இந்தப் பயணத்தை நடத்தினான். கடைசிவரை தேதி போடமாட்டான். குளத்தங்கரை டீக்கடைக்காரிக்கு ஃபோன் செய்து, அவள் வா என்ற பிறகுதான் பலகை தெருவில் இறங்கும். அந்தப் பத்தொன்பது வருஷமும் இசோகோ பேருந்தின் கடைசி இருக்கையில் தலை எண்ணிக்கொண்டும், சோற்றுருண்டை விநியோகித்துக்கொண்டும், வாந்தியெடுப்பவர்களுக்குப் பை நீட்டிக்கொண்டும் இருந்தாள். நிமிர்ந்து ஒரு மரத்தை முழுசாகப் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் பொறுப்பை யார் தலையிலாவது கட்டிவிட்டு நாம் சும்மா உட்கார்ந்து போவோம் என்று மொரியோ சொல்லியிருந்தான். பிப்ரவரியில் போய்விட்டான். சும்மா உட்கார்ந்து போகும் அந்த இருக்கை ஒன்றுதான் அவளுக்கு இந்த வருஷம் வேண்டியிருந்தது.

பலகையை அவளே குராமோச்சியிடம் கொண்டுபோனாள். அவர் அலுவலக வழக்கப்படி பாதி குனிந்தார். அவள் மனம் நோகக் கூடாதென்றுதான் விட்டதாகவும், துக்க வருஷத்தில் புத்தாண்டு வாழ்த்துகூட அனுப்பக் கூடாத வீட்டை உல்லாசத்துக்கு அழைப்பது முறையா என்றும் விளக்கினார். குரலில் அத்தனை கருணை, நெய் வழிந்தது.

"வருஷம் திரும்பட்டும், தோகுராசான். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"யாரு அந்த நாலு பேரு?"

"பொதுவாச் சொன்னேன்."

"தேதி தப்பு. அன்னைக்குக் குச்சியைத்தான் பாப்பீங்க."

அவர் சிரித்தார். பேருந்துக்குச் சொல்லியாயிற்று, எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று என்று பலகையைத் தட்டிக் காட்டினார். இலைகளும் முத்திரை குத்திவிட்டன என்பது போல இருந்தது அவர் பேச்சு.

அவள் வீட்டுக்கு வந்து டீக்கடைக்காரிக்கு ஃபோன் செய்தாள். மொரியோ இறந்த செய்தி மலைக்கும் போயிருந்தது.

"ஒன்பதாம் தேதி வாங்கம்மா. அதுக்கப்புறம் காத்து அடிச்சா ஒண்ணும் மிஞ்சாது."

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினாள், ஏழு. பிறகு எண்ணுவதை நிறுத்தினாள். குளத்தங்கரையில் பதினைந்து நிமிஷம் அல்ல, மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்குச் சோற்றுருண்டை பிடித்து வந்திருந்தாள். இரண்டு பங்கையும் அவளே தின்றாள். வெயில் சாய்ந்ததும் டீக்கடைக்காரி ஒன்றும் கேட்காமல் இன்னொரு கோப்பை ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் மூன்றாம் தேதி அவர்கள் போய்வந்த கதையை ஹத்தா வேலியோரம் நின்று சொன்னாள். மேலே ஆலங்கட்டியும் மழையும். சரியாகப் பத்து நாற்பதுக்கு எல்லோரும் இறங்கிக் குடைபிடித்து, மொட்டைக் கிளைகளைப் பதினைந்து நிமிஷம் பார்த்தார்களாம். இலையில்லாத மரத்துக்கும் ஒரு கம்பீரம் உண்டு என்றாராம் குராமோச்சி. ஆமாம் ஆமாம் என்றார்களாம்.

"நீ என்ன சொன்னே?"

ஹத்தா வேலிக் கம்பியைத் தடவினாள். "ஆமாம்னேன்."

அடுத்த வாரம் பலகை வந்தது. இது வெறும் அறிக்கை என்பதால் துக்க வீட்டுக்கும் உண்டு. ஓகுநுமாவின் செந்நிறம் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது, அனைவரும் மெய்மறந்தனர் என்று குராமோச்சி எழுதியிருந்தார். கீழே இருபத்து மூன்று முத்திரைகள், ஒன்றுகூடக் கோணாமல்.

இசோகோ முத்திரையை எடுக்கவில்லை. ஒன்பதாம் தேதி கொண்டுவந்து மொரியோவின் படத்தருகே வைத்திருந்த இலைகளில் நல்ல சிவப்பாக ஒன்றை எடுத்து, தன் கட்டத்தின்மேல் வைத்துப் பலகையின் கவ்வியில் செருகினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வலப்பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.